அன்னைக்கும் அந்தப் பெட்டி வந்துச்சா?

அத்தியாயம் 14

அமிர்தவல்லி தாய் வீட்டுக்கு வந்து இன்றோடு பதினோரு நாள். இந்தப் பதினோரு நாளில் ராஜபாளையத்திலிருந்து அவளை அழைக்க ஓர் ஆள்கூட ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வரவில்லை.

என்ன பெரிய தூரம்? பஸ்ஸில் ஏறி, சில்லறையை எண்ணி முடிப்பதற்குள் வந்துவிடுகிற ஊர். தானாகவே கிளம்பிப் போயிருக்கலாம். ஆனால் கோபித்துக்கொண்டு வந்தவள், புருஷன் வீட்டு ஆள் வந்து கூப்பிடாமல் திரும்பிப் போனால், செய்த தப்பை ஒப்புக்கொண்டு போகிறாள் என்றுதான் ஊர் சொல்லும். செய்யாத தப்பை எப்படி ஒப்புக்கொள்வது?

அது என்ன தப்பு என்பது உங்களுக்குத் தெரியும். போன வாரப் பத்திரிகையை அடுத்த வீட்டுக்காரர் வாங்கிப் போய்த் திருப்பித் தராதவர்களுக்காக மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மாமனார் சௌந்தரபாண்டியன் பேண்டேஜ் துணி நெய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். கீழே ஆபீஸ், மாடியில் குடும்பம், பின்னால் அறுபது தறி. கம்ப்யூட்டர் படித்துவிட்டு மருமகளாக வந்த அமிர்தம், மூன்று மிஷின்களைக் கேபிள் இழுத்து இணைத்திருந்தாள். ஹாலில் டெலிபோன் பக்கத்தில் மோடம் வைத்த மிஷின்; மற்ற மிஷின்களின் மெயிலும் கேபிள் வழியே வந்து அதிலிருந்துதான் டெலிபோன் லைனில் போகும். ஆபீஸ் அறையில் அவளுடையது. மாமனார் அறையில் ஒன்று. அவர் அதில் சீட்டு விளையாடுவார், வேறொன்றும் செய்யமாட்டார்.

ஜெர்மனிக் கம்பெனிக்கு விலைப் பட்டியலும் சர்டிபிகேட்டும் மெயிலில் போகவேண்டிய நாளில், அவள் சித்தி மகள் வளைகாப்புக்குப் போகவேண்டியிருந்தது. எல்லாவற்றையும் தயாராக வைத்து, அமுக்கவேண்டிய பட்டனைக் கணவன் சின்னத்துரைக்குக் காட்டிவிட்டுத்தான் போனாள். அவனும் அமுக்கினான். மெயில் போய்ச் சேரவில்லை. பாதி ஆர்டர் ராஜபாளையத்திலேயே இன்னொரு கம்பெனிக்குப் போய்விட்டது. அந்தக் கம்பெனியில்தான் அமிர்தத்தின் அண்ணன் சூப்பர்வைசர்.

நாத்தனார் அழகுத்தாய்க்கு இது போதாதா? புருஷன் துபாயில் இருப்பதால் அவள் அப்பா வீட்டில் இருக்கிறாள். மாமியார் இல்லாத குறையை அமிர்தத்துக்கு அவள் ஒருநாளும் வைத்ததில்லை. "வேணும்னே தப்பு அட்ரஸ் போட்டுருக்கா. அண்ணன் கம்பெனி பொழைக்கணும்லா?" என்றாள்.

"மிஷினைத் திறந்து காட்டுதேன் மாமா" என்று அமிர்தம் போனபோது, "அதைத் தொடாதே" என்றார் சௌந்தரபாண்டியன். சின்னத்துரை பக்கத்தில்தான் நின்றான். வாயைத் திறக்கவில்லை. அன்று சாயங்காலமே அவள் பஸ் ஏறினாள்.

காட்டிக்கொடுத்தவள் என்ற பெயரோடு இருக்கிறாள் அமிர்தம். அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்தப் பெயர் போகவேண்டும் என்பதுதான்.

இனி, வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டேகால் மணி.

டெலிபோனை எடுத்த அம்மா அய்யம்மாளின் முகம் மலர்ந்தது. வாயைக் கையால் மூடிக்கொண்டு, "ஏட்டி, மாப்பிள்ளைட்டி! கூப்பிட வாராக போல!" என்றாள்.

அமிர்தம் ஓடிப்போய்தான் வாங்கினாள். அதை ஏன் மறைக்க வேண்டும்? பதினோரு நாள் வைராக்கியமும் அந்த நாலு எட்டில் காணாமல் போயிருந்தது.

"அமிர்தம்…" என்றான் சின்னத்துரை. "மெயில் போக மாட்டேங்கு."

அவள் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"நேத்து ஜெர்மனியிலருந்து ஃபேக்ஸ் வந்துச்சு. மீதி ஆர்டருக்கு இன்னொரு தடவை பாக்கோம்னு சொல்லிருக்கான். நம்ம நேரத்துக்கு இன்னைக்கு ஒண்ணரை மணிக்குள்ள மெயில் வந்து சேரணுமாம். அதே மெயில்தான். அனுப்பிப் பாத்தா என்னமோ சண்டித்தனம் பண்ணுது. மதுரை இன்ஜினியர் சாயங்காலந்தான் வருவாராம்."

"இதுக்குத்தான் போன் பண்ணுனீங்களா?"

"வேற… நீ நல்லா இருக்கியா?"

வைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. எந்த மானமுள்ள பெண்ணுக்கும் தோன்றும். ஆனால் அவள் மனசு வேறு கணக்குப் போட்டது. அந்த மிஷினைத் திறக்கவேண்டும் என்று பதினோரு நாளைக்கு முன்னாலேயே கேட்டவள் அவள்தானே? இப்போது அவர்களே திறக்கிறார்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று இன்றைக்காவது தெரியும்.

"பிளாப்பியில போட்டு ஹால் மிஷினுக்குக் கொண்டுபோகலாமா?" என்றான் அவன்.

"சர்டிபிகேட் படமெல்லாம் சேந்து மூணு எம்.பி. வருது. பிளாப்பியில ஏறாது. என் மிஷின் முன்னால போய் உக்காருங்க, சொல்லுதேன்."

"போன் வயரு அதுவரைக்கும் எட்டாதே!"

உண்மைதான். டெலிபோன் ஹாலில், மிஷின் ஆபீஸ் அறையில். நடுவில் ஒருவர் நின்று அங்கே கேட்டு இங்கே சொல்லவேண்டும். அந்த நேரத்தில் அவனைத் தவிர வீட்டில் இருந்தது ஒரே ஓர் ஆள்.

"மதினியக் கூப்பிடுங்க" என்றாள் அமிர்தம்.

செத்த நேரம் அந்தப் பக்கம் கசமுசவென்று பேச்சுக் கேட்டது. "நான் அவகிட்ட என்னத்தப் பேச?" என்பது தெளிவாகவே கேட்டது. பிறகு ரிசீவர் கை மாறியது.

"ம்ம்" என்றாள் அழகுத்தாய்.

"மதினி, மிஷினை அணைச்சு மறுபடி போடச் சொல்லுங்க. திரையில பெட்டி மாதிரி கட்டம் போட்டு எழுத்து வந்தா ஓகே அமுக்காம வாசிக்கச் சொல்லுங்க."

அழகுத்தாய்க்குத் தறிச் சத்தத்தை மீறிக் கூப்பிட்டுப் பழகிய குரல். அதைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி திருப்பிச் சொன்னாள். பன்னிரண்டு இருபத்தைந்து. மிஷின் எழுந்திருக்க எடுத்துக்கொண்ட மூன்று நிமிஷமும் இரண்டு பெண்களும் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் நின்றார்கள். ஒருத்தி மூச்சு விடுவது மற்றவளுக்குக் கேட்டது.

"பெட்டி வந்துருக்காம்" என்றாள் அழகுத்தாய். "இங்கிலீஷ்ல வாசிக்கான். இந்த மிஷின் நம்பரை வேற மிஷின் வச்சிருக்காம். அதனால கேபிள் இணைப்பை நிறுத்திட்டேன்னு போட்டுருக்காம்."

அமிர்தத்துக்கு ஒன்றும் புரியவில்லை. நம்பர்களைப் போட்டவளே அவள்தான். ஹால் மிஷினுக்கு ஒன்று. தன்னுடையதற்கு இரண்டு. மாமனார் மிஷினுக்கு மூன்று.

"அது என்ன நம்பரு?" என்று கேட்டாள் அழகுத்தாய். அவளாகக் கேட்ட முதல் கேள்வி.

"நம்ம தறி ஆளுகளுக்கு டோக்கன் நம்பர் உண்டுல்லா மதினி, அது மாதிரி. ஒரே நம்பரை வச்சுக்கிட்டு ரெண்டு பேரு வந்தா வாட்ச்மேன் என்ன செய்வாரு? மொதல்ல வந்தவனை உள்ள விட்டுருவாரு. ரெண்டாவது வந்தவனை, இந்த நம்பரு அப்பவே உள்ள போயாச்சேன்னு கேட்ல நிறுத்திருவாரு. என் மிஷினை இப்ப கேட்ல நிறுத்திருக்கு."

"அப்ப உள்ள போனவன் எவன்?"

"அதான் தெரியல. மாமா மிஷின் ஓடுதா?"

"காலையில பூசை முடிச்சுப் போட்டுவிட்டுட்டுத்தான் அப்பா தறிக்குப் போனாக. தெனமும் போடுவாகளே."

"அதுல என்ன நம்பர் இருக்குன்னு உங்க தம்பியப் போய்ப் பாக்கச் சொல்லுங்க."

அழகுத்தாய் கத்திச் சொன்னாள். மறுபடி கத்தினாள். மூன்றாவது தடவைதான் சின்னத்துரையின் குரல் கேட்டது. அவன் எழுந்து போய்ப் பார்க்காமலே சொன்னான்.

"ரெண்டு."

"ரெண்டாம்" என்றாள் அழகுத்தாய் டெலிபோனில்.

"ரெண்டா? யாரு மாத்துனா?"

விஷயம் சின்னத்துரை வாயிலிருந்து இப்படித்தான் வெளியே வந்தது. சௌந்தரபாண்டியன் பிறந்தது இருபதாம் தேதி. எண்கணித ஜோசியர் அவருக்கு இரண்டாம் எண்தான் ராசி என்று சொன்ன நாளிலிருந்து, காரின் நம்பரைக் கூட்டினால் இரண்டு வரும், பெயரில் இங்கிலீஷ் எழுத்து ஒன்று கூடுதலாகச் சேர்ந்து இரண்டு வரும். தன் மிஷினுக்கு மூன்று என்று தெரிந்ததும் மனுஷருக்குச் சீட்டாட்டம்கூடக் கசந்துவிட்டது. ஆடிப் பெருக்கு அன்று மகனைக் கூப்பிட்டு மாற்றச் சொன்னார். அவன் மாற்றினான். "உன் பெண்டாட்டிட்ட சொல்லாத, சிரிப்பா" என்றார். அவன் சொல்லவில்லை.

அமிர்தம் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். ஆடிப் பெருக்கு. வளைகாப்பு அதற்குப் பிறகு, ஆவணியில். அவள் வீட்டில் இருக்கிற நாளில் எட்டரைக்கே தன் மிஷினைப் போட்டுவிடுவாள். மாமனார் பூஜை முடித்து ஒன்பதரைக்குப் போடும்போது அவருடைய மிஷின்தான் கேட்டில் நிற்கும். பெட்டி வந்தாலும் அமுக்கித் தள்ளிவிட்டுச் சீட்டாடுகிறவருக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. வளைகாப்பு அன்று அவள் இல்லை. அன்று முதலில் உள்ளே போனது அவர் மிஷின்.

சின்னத்துரை பட்டனை அமுக்கியபோது அவள் மிஷின் கேட்டில் நின்றிருக்கிறது. மணி பன்னிரண்டு நாற்பது.

"மதினி, ஃபேக்ஸ் தாள் உங்க பக்கத்துல இருக்கா?"

"இருக்கு."

"அதுல மெயில் அட்ரஸ் இருக்கும். என் மிஷின்ல அவுட்பாக்ஸ்ங்கற இடத்துல அந்த மெயில் போகாமக் கிடக்கும். அதுல நான் போட்ட அட்ரஸையும் நீங்க வச்சிருக்கறதையும் எழுத்தெழுத்தா ஒத்துப் பாருங்க."

அழகுத்தாய் எட்டாம் வகுப்புவரை படித்தவள். தாளைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக அவள் கூவ, உள்ளேயிருந்து தம்பி "சரி… சரி" என்று சொல்லிக்கொண்டே வந்தான். கடைசி எழுத்துக்கும் "சரி" என்றான். அட்ரஸில் ஒரு தப்பும் இல்லை. அழகுத்தாய் தாளைக் கீழே வைத்தாள்.

அமிர்தத்துக்கு ஜெயித்துவிட்டோம் என்ற சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் வேறொரு கேள்வி வந்து நின்றது. நம்பரை மாற்றியது பெரிசில்லை. மாமனார் சொன்னார், மகன் செய்தான். தெரியாமல் நடந்தது. ஆனால்…

"மதினி, ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க."

"என்ன?"

"அன்னைக்கும் அந்தப் பெட்டி வந்துச்சா?"

அழகுத்தாய் திரும்பி, அதே தறிக் குரலில் கேட்டாள். "ஏலே தம்பி, அன்னைக்கும் இந்தப் பெட்டி வந்துச்சான்னு கேக்கா!"

சின்னத்துரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"என்னலே, காது கேக்கலையா?"

சாப்பாட்டுக்கு வந்த சௌந்தரபாண்டியன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். "என்னட்டி வீட்டுக்குள்ள இம்புட்டுச் சத்தம்?" என்றவர், மகள் கையில் டெலிபோனையும் மகன் மிஷின் முன்னால் சிலையாக உட்கார்ந்திருப்பதையும் பார்த்து அப்படியே நின்றார்.

"வந்துச்சு" என்றான் சின்னத்துரை.

அந்தச் சொல்லை அழகுத்தாய் திருப்பிச் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் அமிர்தத்தின் காதுக்கு அது நேராகவே வந்து சேர்ந்தது.

"வந்துச்சா? பொறவு நீ என்னலே செஞ்ச?"

"ஓகே அமுக்கிட்டேன்."

"ஏன் சொல்லல?" இது சௌந்தரபாண்டியன். "அம்புட்டுப் பேச்சுப் பேசினோமே, அந்தப் புள்ளைய அழவச்சு அனுப்பினோமே, அப்ப ஏம்லே வாயத் திறக்கல?"

"சொன்னா நம்பர மாத்துன கதையும் வெளிய வரும். நீங்கதான் சொல்லாதன்னீங்க. பொறவு… எனக்கும் என்ன செய்யன்னு தெரியலப்பா."

அமிர்தம் சுவரில் சாய்ந்துகொண்டாள். அய்யம்மாள் பதறிப்போய், "என்னம்மா? என்ன சொல்லுதாக?" என்று தோளைப் பிடித்தாள். மகள் கையை உயர்த்தி அம்மாவை நிறுத்தினாள். அழுவதற்கு நேரமில்லை. மணி பன்னிரண்டு ஐம்பது. மூன்று எம்.பி. மெயில் ராஜபாளையத்து லைனில் போய்ச் சேர அரை மணி நேரம் வேண்டும்.

"மதினி, கேளுங்க. என் மிஷின் நம்பர்ல கடைசிப் புள்ளிக்குப் பொறவு ரெண்டு இருக்கும். அதை அழிச்சுட்டு நாலு போடச் சொல்லுங்க. பொறவு அணைச்சுப் போடணும்."

டெலிபோனில் திடீரென்று மாமனாரின் குரல் கேட்டது. மகளிடமிருந்து ரிசீவரை வாங்கியிருக்கிறார். "அமிர்தம், என் மிஷின அணைச்சிருதேன்த்தா. ரெண்டை நீயே வச்சுக்கோ."

"வேண்டாம் மாமா. ரெண்டு உங்களுக்கே இருக்கட்டும். எனக்கு நாலு போதும்." குரல் உடையாமல் சொல்லிவிட்டாள். "இப்ப போனை வச்சிருங்க. ஒரே லைனுதான். நீங்க வச்சாத்தான் மோடம் டயல் பண்ணும்."

வைத்தார்.

அதற்குப் பிறகு அவளால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. பதினோரு நாளாகக் காத்திருந்த பேச்சு, பாதியில் துண்டிக்கவேண்டிய நேரத்தில் வந்து தொலைத்தது. அய்யம்மாள் தட்டில் சோற்றைப் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அது ஆறிப்போனது.

ஒன்று பத்துக்கு அமிர்தம் ராஜபாளையத்துக்கு டயல் செய்தாள். எங்கேஜ்டு. அந்தச் சத்தத்தைக் கேட்டு ஒருத்தி நிம்மதியாக மூச்சுவிட்டது அன்றைக்குத்தான் இருக்கும். லைன் பிடித்திருக்கிறது, மெயில் போய்க்கொண்டிருக்கிறது.

ஒன்று இருபதுக்கும் எங்கேஜ்டு.

ஒன்று இருபத்தாறுக்கு டயல் செய்தபோது அந்தப் பக்கம் மணி அடித்தது. மெயில் போய் முடிந்ததா, லைன் பாதியில் அறுந்ததா? ஆறு தடவை, ஏழு தடவை அடித்தும் யாரும் எடுக்கவில்லை. எட்டாவதில் எடுத்தார்கள்.

"போயிருச்சு அமிர்தம்" என்றாள் அழகுத்தாய். மூச்சு வாங்கியது. "அவுட்பாக்ஸ்ல இப்ப ஒண்ணுமில்ல. ஒருதடவைக்கு ரெண்டு தடவை நானே போய்ப் பாத்துட்டு வாரேன்."

"சரி மதினி."

"நான் அன்னைக்குப் பேசுனது…" என்று ஆரம்பித்தவள் மேலே போகமுடியாமல் நின்றாள். அவளுக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்குத் தெருவில் கார் வந்து நின்றது. சௌந்தரபாண்டியனே வந்திருந்தார். கையில் பழப் பை. புருஷன் வந்து அழைத்தாலே போதும், மாமனாரே படியேறி வருகிற மரியாதை எத்தனை பெண்களுக்குக் கிடைக்கும்? அய்யம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. காபிக்குக்கூட அடுப்பங்கரைப் பக்கம் போகாமல், மகளின் சேலைகளைப் பையில் எடுத்துவைக்கப் போய்விட்டாள்.

"ஜெர்மனியிலருந்து பதில் வந்துட்டு" என்றார் சௌந்தரபாண்டியன். "மீதி ஆர்டர் நமக்குத்தான்."

"சந்தோஷம் மாமா."

"மிஷினத் தொடாதன்னு சொன்னது நான். அன்னைக்கே திறந்து பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். என் மேலதான் தப்பு. அழகுத்தாயும் அழுதுக்கிட்டுக் கிடக்கா. வீட்டுக்கு வாத்தா."

அவர் அப்படிச் சொல்லிக் கேட்டவர்கள் ராஜபாளையத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். அமிர்தத்தின் மனசு இளகத்தான் செய்தது. அவள் எட்டித் தெருவைப் பார்த்தாள். காரின் பின் சீட்டில் சின்னத்துரை உட்கார்ந்திருந்தான். இறங்கவில்லை. கண்ணாடி பாதி இறங்கியிருந்தது.

"அவிய வரலையா மாமா?"

"வான்னுதான் சொன்னேன். உன் மூஞ்சில முழிக்க வெக்கமா இருக்குன்னுட்டான். நீ வந்து கார்ல ஏறு, எல்லாம் சரியாப் போயிரும்."

உள்ளேயிருந்து அய்யம்மாள் பையோடு வந்துவிட்டாள். அமிர்தம் அந்தப் பையை அம்மாவின் கையிலிருந்து மெதுவாக வாங்கிக் கீழே வைத்தாள்.

"மாமா, நீங்க சந்தேகப்பட்டீங்க, கேட்டீங்க. மதினி வாய்க்கு வந்தபடி பேசுனாங்க. உங்க ரெண்டு பேர் மேலயும் எனக்குக் கோவம் இருந்துச்சு, இப்ப இல்ல. உங்களுக்கு நிசம் தெரியாது. அவியளுக்குத் தெரியும். பெட்டி வந்துச்சுங்கற ஒரு வார்த்தையச் சொல்ல அவியளுக்குப் பதினோரு நாளாச்சு. அதையும் மதினி கேட்ட பொறவுதான் சொன்னாக."

"அதுக்காக… வரமாட்டியா?"

"நீங்க கூப்பிட்டு நான் வராம இருப்பனா? வாரேன் மாமா. நாளைக்குக் காலையில எட்டரைக்கு ஆபீஸ்ல இருப்பேன். மிஷின் மூணையும் சரிபண்ணித் தாரேன். மெயில் வேலை எல்லாம் நானே பாத்துக்கிடுதேன்." நிறுத்தி, மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னாள். "சாயங்காலம் அஞ்சு மணி பஸ்ஸுல இங்க திரும்பிருவேன். மாடியில குடித்தனம் பண்ண வரமாட்டேன்."

அய்யம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். சௌந்தரபாண்டியன் மருமகளையே பார்த்தார்.

"எம்புட்டு நாளைக்குத்தா இப்படி?"

"அதை உங்க மகன்ட்டதான் கேக்கணும் மாமா" என்றாள் அமிர்தம்.

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் அது காருக்குள் இருந்தவனுக்குக் கேட்டது. அவன் கை கதவின் பிடிக்குப் போனது. பிறகு அப்படியே நின்றது.